அந்த ஆயர் பொய் சொன்னாரா?

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு வாரம், இலண்டன் மாநகர மக்களுக்கு நாடகம் பார்க்கும் வாரம். பள்ளிகளுக்கு விடுமுறை, அலுவலகங்களில் பாதி ஆட்கள். தாத்தா, பாட்டி முதல் பேரக்குழந்தைகள் வரை குடும்பம் குடும்பமாக நகரின் நடுப்பகுதிக்கு வந்து சேர்கிறார்கள். நம் ஊர்களில் திருவிழாக் கொடியிறங்கிய மறுநாள் வீட்டோடு கிளம்பித் திரைப்படம் பார்க்கப் போவோமே, ஏறத்தாழ அதுபோன்ற வழக்கம்.

என் தங்கையின் குடும்பம் கிழக்கு இலண்டனில் குடியிருக்கிறது. சென்ற விடுமுறையில் சில நாள்கள் அவர்களோடு தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. "ஃபாதர், இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு நாடகமாவது பார்க்காமல் போகக் கூடாது" என்று மைத்துனர் மாதங்களுக்கு முன்பே ஐந்து நுழைவுச்சீட்டுகள் வாங்கி வைத்திருந்தார். மேல்மாடத்தின் பின்வரிசைதான், ஆனாலும் ஐவருக்கும் சேர்த்து அவர் கொடுத்த தொகையைக் கேட்காதிருப்பதே நல்லது என்று நான் கேட்கவில்லை. தங்கை, மைத்துனர், பதினாறு வயது மருமகன், எட்டு வயது மருமகள், நான் என ஐவரும் ஒரு பிற்பகல் சுரங்க ரயிலேறிப் புறப்பட்டோம். பார்த்த நாடகம் 'லெ மிசெராப்லே'. அதைப் பற்றி எழுத இருந்தவன், அந்த எட்டு வயதுக் குழந்தை கேட்ட ஒரு கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையாகிவிட்டது.

அரங்கும் கதையும்

ஷாஃப்ட்ஸ்பரி சாலையில் இருக்கும் அந்த அரங்கு 1907இல் குயின்ஸ் என்னும் பெயரில் திறக்கப்பட்டது. 1940 செப்டம்பரில் விழுந்த குண்டால் முகப்புச் சிதைந்து, 1959வரை மூடிக் கிடந்தது. 2019இல் இசைநாடக ஆசிரியர் ஸ்டீபன் சாண்ட்ஹைமின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. நாடகமோ அரங்கைவிடப் பயணம் செய்தது. அலேன் பூப்லில், குளோத்-மிஷேல் ஷோன்பெர்க் என்னும் இருவர் பிரெஞ்சு மொழியில் ஆக்கி 1980இல் பாரிசில் மேடையேற்றியதை, கேமரன் மெக்கின்டாஷ் ராயல் ஷேக்ஸ்பியர் குழுவோடு இணைந்து ஆங்கிலத்தில் 1985 அக்டோபர் 8 அன்று இலண்டன் பார்பிகன் அரங்கில் தொடங்கிவைத்தார். அன்றைய நாளிதழ்த் திறனாய்வாளர் பலர் இதைப் பழித்தே எழுதினார்கள். மக்கள் அவர்களைக் கேட்கவில்லை. 2004இல் இப்போதைய அரங்குக்கு இடம்பெயர்ந்த நாடகம் 2025இல் 40 ஆண்டுகளை நிறைவு செய்தது.

கதையை நம் வாசகர் பலர் அறிவர். விக்டர் ஹ்யூகோ 1862இல் வெளியிட்ட நாவல் இது. கவியோகி சுத்தானந்த பாரதியார் தமிழில் 'ஏழை படும் பாடு' என்று தந்தது இதையே. அதே பெயரில் 1950இல் கே. ராம்நாத் இயக்கத்தில் நாகையா நடித்து வந்த படத்தைச் சிறுவயதில் பார்த்த என் தந்தை, கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அதில் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமன், பாத்திரத்தின் பெயரும் தம் பெயரோடு ஒட்டிக்கொள்ள, ஜாவர் சீதாராமன் ஆனார்.

ரொட்டி திருடியதற்கு 5 ஆண்டும் தப்பியோட முயன்றதற்கு 14 ஆண்டுமாக 19 ஆண்டுகள் தண்டனை அனுபவித்த ஜீன் வால்ஜீன், 1815இல் விடுதலையாகிறான். முன்னாள் கைதி என்று காட்டும் மஞ்சள் சீட்டு கையில் இருப்பதால் எந்த விடுதியும் அவனுக்குச் சோறும் படுக்கையும் தரவில்லை. தீஞ் நகர ஆயர் மட்டும் அவனை வீட்டுக்குள் அழைத்து, தம் மேசையில் உணவிட்டு, படுக்கையும் தருகிறார். அவனோ இரவில் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர் பிடித்து வருகின்றனர். ஆயர் தருகிறார், தந்தார் என்றே அவன் அவர்களிடம் சொல்லியிருக்கிறான். ஆயரும் அதை மறுக்கவில்லை. அவற்றைத் தாமே தந்ததாகவும், இரு வெள்ளி மெழுகுதிரித் தண்டுகளையும் தந்திருக்க, அவன் மறந்துவிட்டுப் போனதாகவும் கூறி, தண்டுகளையும் எடுத்துக் கையில் கொடுக்கிறார். அங்கிருந்துதான் வால்ஜீனின் மறுவாழ்வு தொடங்குகிறது.

மேடையில் இது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அரங்கில் அப்போது இருமல் ஒலிகூட இல்லை. எனக்கு முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நானும் கண்கலங்கினேன் என்பதை மறைப்பானேன்?

இடைவேளையில் ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டு வந்தார்கள். சிறு கிண்ணமும் மரக்கரண்டியுமாக அமர்ந்திருந்த மருமகள் என் கையைத் தொட்டாள்.

"ஃபாதர் மாமா, அந்த பிஷப் பொய்தானே சொன்னார்?"

நான் விழித்தேன்.

"அவர் எதையும் கொடுக்கவில்லை. இவர் திருடினார். ஆனால் போலீசிடம் 'நான்தான் கொடுத்தேன்' என்றுவிட்டார். பொய் சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும் என்று எங்கள் டீச்சர் சொன்னார்களே? பிஷப் யாரிடம் போய்ச் சொல்வார்?"

வரும் மே மாதம் புதுநன்மை வாங்க இருக்கும் குழந்தை அவள். "நல்லதுக்குச் சொன்ன பொய்தானே, பரவாயில்லை" என்றாள் தங்கை. குழந்தை அதோடு விடவில்லை. "அம்மா சொன்னது சரியா, ஃபாதர் மாமா?" என்று என் முகத்தையே பார்த்தாள். இறையியல் பயின்றவன், ஒப்புரவு இருக்கையில் கால்நூற்றாண்டுக்கு மேல் அமர்ந்தவன், நான். "நாடகம் முடியட்டும், சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டேன். மணியும் அடித்தது. முடிந்து ரயிலேறியதும் அவள் உறங்கிப்போனாள்.

மேடை தந்தது

குறை சொல்லும் முன் நிறையைச் சொல்வது முறை. இந்நாடகத்தின் உண்மையான இறையியல், வசனத்தைவிட இசையிலேயே இருக்கிறது. பசித்து வந்தவனை ஆயர் உள்ளே வருமாறு அழைக்கும் மெட்டு, நெடுநேரம் கழித்து மீண்டும் வருகிறது. புரட்சித் தடுப்பரணில் நண்பர்கள் அனைவரையும் பறிகொடுத்த மாரியுஸ் என்னும் இளைஞன், அவர்கள் அமர்ந்து பேசிய வெறும் மேசைகளைப் பார்த்துப் புலம்பும் பாட்டும் அதே மெட்டுத்தான். அந்நியனுக்காக உணவு விரிந்த மேசையின் மெட்டு, ஆளில்லாத மேசைகளின் ஒப்பாரியாகத் திரும்பி வருகிறது. விருந்தோம்பல் அறுந்துபோன சமுதாயத்தில் என்ன எஞ்சும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இன்னொன்று. மன்னிப்புப் பெற்ற வால்ஜீன் தன் நெஞ்சோடு போராடும் பாட்டின் மெட்டும், தன்னால் உயிர்ப்பிச்சை பெற்ற காவல் அதிகாரி ஜாவேர் ஆற்றில் பாயுமுன் பாடும் பாட்டின் மெட்டும் ஒன்றே. இரண்டு பேரும் ஒரே இரக்கத்தைத்தான் பெறுகிறார்கள். ஒருவன் அதை ஏற்றுப் பிழைக்கிறான். மற்றவன் அதைத் தாங்க இயலாமல் அழிகிறான். ஜாவேர் தீயவன் அல்லன். கையூட்டு வாங்காதவன், பொய் சொல்லாதவன். கடமையைத் தவிர வேறு எதையும் கும்பிடாதவன். இரக்கத்தைப் பெறுவதற்கும் ஒரு தாழ்மை வேண்டும் என்பதை இந்த ஒரு மெட்டு நமக்கு உணர்த்திவிடுகிறது.

காட்சியமைப்பிலும் ஒரு நயம் உண்டு. பின்திரையில் தோன்றும் இருண்ட காட்சிகள், ஹ்யூகோ தாமே தீட்டிய ஓவியங்களைத் தழுவியவை. ஆயராக வந்த நடிகர் பிறகு சிறு வேடங்களிலும் கூட்டத்தில் ஒருவராகவும் வந்து போகிறார். சிக்கனத்துக்காகச் செய்யும் ஏற்பாடுதான். ஆனால் ஆயர் கூட்டத்துக்குள் கரைந்துபோனதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

மேடை விட்டது

இலண்டனிலிருந்து திரும்பியதும் நாவலை மறுபடி எடுத்தேன். குருத்துவக் கல்லூரியில் படித்தபோது தொடக்கப் பகுதியைப் பொறுமையின்றிப் புரட்டிவிட்டுக் கதைக்கு ஓடியது நினைவிருக்கிறது. காரணம், நாவலின் முதல் 14 இயல்களில் வால்ஜீன் வருவதே இல்லை. அவை முழுவதும் அந்த ஆயரைப் பற்றியவை.

ஹ்யூகோ திருச்சபையின் நண்பராக இருந்து இதை எழுதவில்லை. குருக்களைக் கடுமையாகத் தாக்கியவர் அவர். 1885இல் இறக்கும்போது திருச்சபையின் இறுதிச் சடங்கு வேண்டாம் என்றவர். இந்நாவல் 1864இல் உரோமையின் தடைநூல் பட்டியலிலும் ஏறியது. அந்தப் பட்டியலே 1966இல் செல்லாததாயிற்று. ஆனாலும் அவர் படைத்த ஆயர் மிரியேல், வெறும் கற்பனையில் பிறந்தவர் அல்லர். 1805 முதல் 1838 வரை தீஞ் மறைமாவட்டத்தின் ஆயராயிருந்த மியொல்லி என்பவரின் எளிய வாழ்வே அவருக்கு மூலம்.

அந்த 14 இயல்களில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் கணக்கு. ஆயருக்கு அரசு தரும் ஆண்டு ஊதியம் 15,000 லிவர். அதில் தமக்கு 1,000 மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பகிர்ந்தளிக்கும் பட்டியலை வரி வரியாகத் தருகிறார் ஹ்யூகோ. ஆயர் இல்லம் அரண்மனை. அதை அடுத்த மருத்துவமனையோ இடுங்கிய சிறு வீடு. அங்கே 26 நோயாளிகள், இங்கே 3 பேர். எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று சொல்லி ஆயர் இரண்டையும் மாற்றிக்கொள்கிறார். அவருடைய கதவுக்குப் பூட்டு இல்லை. அவரிடம் எஞ்சியிருக்கும் ஆடம்பரம் உணவு மேசையின் சில வெள்ளிப் பாத்திரங்களும் இரு வெள்ளித் தண்டுகளும் மட்டுமே. வெள்ளிக்கரண்டியில் உண்ணும் வழக்கத்தை விட மனம் வரவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். புனிதர்க்கும் ஒரு பற்று மிச்சமிருந்தது என்று காட்டியதில்தான் ஹ்யூகோவின் கலை இருக்கிறது.

இப்போது அந்தக் காலைப்பொழுதுக்கு வருவோம். பாத்திரங்கள் களவு போனதைக் கண்டு பணிப்பெண் பதறி ஓடி வருகிறார். காவலர் இன்னும் வரவில்லை. திருடன் பிடிபட்டதும் எவருக்கும் தெரியாது. அப்போதே ஆயர் அமைதியாக ஒரு கேள்வி கேட்கிறார்: அந்த வெள்ளி நம்முடையதா? பிறகு தாமே விடையும் தருகிறார்: அதை நெடுங்காலமாகத் தவறாக வைத்துக்கொண்டிருந்தேன், அது ஏழைகளுக்குரியது, வந்துபோனவன் ஏழைதானே. அதன்பின் எதில் உண்பது என்று பேச்சு எழுகிறது. தகரம் நாறும், இரும்பு ருசி கெடும் என்று பணிப்பெண் சொல்ல, மரக்கரண்டி போதும் என்று முடிகிறது. அதற்குப் பிறகுதான் கதவு தட்டப்படுகிறது. காவலர் வருகின்றனர்.

மேடை விட்டுவிட்டது இந்தச் சிறு உரையாடலைத்தான். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் குழந்தையின் கேள்விக்குரிய விடை அந்த ஒரு நிமிடத்துக்குள் இருந்தது. நாவலின் ஆயர் காவலரிடம் 'கொடுத்தேன்' என்றபோது, அந்த வெள்ளியைத் தம் உள்ளத்தில் ஏற்கெனவே கொடுத்து முடித்திருந்தார். அவர் சொன்னது நடந்துமுடிந்த ஒன்றைப் பற்றி. மேடையின் ஆயருக்கோ அந்த முன்கதை இல்லை. காவலர் வந்து நின்ற கணத்தில் அவருக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றுகிறது. ஒரு பொய்யால் ஓர் ஆளைக் காப்பாற்றுகிறார். என் தங்கை சொன்ன 'நல்லதுக்குச் சொன்ன பொய்', நாடகத்தைப் பொறுத்தவரை சரியான திறனாய்வே.

இன்னொரு விடுபாடும் உண்டு. நாவலில் ஆயரின் மன்னிப்பைப் பெற்ற அன்றே வால்ஜீன் மறுபடி திருடுகிறான். ஜெர்வே என்னும் ஏழைச் சிறுவனின் நாணயம் உருண்டு வர, அதன்மேல் கால் வைத்துப் பறித்துக்கொள்கிறான். அதன் பிறகே, தான் யார் என்று கண்டு உடைந்து அழுகிறான். மேடையிலோ ஒரு பாட்டு முடிவதற்குள் மஞ்சள் சீட்டைக் கிழித்தெறிந்து மனம் மாறிவிடுகிறான். அருள் வந்த பிறகும் விழுந்தெழுந்து அறிந்த நமக்கு, ஜெர்வேயின் நாணயமே ஆறுதல் தருவது.

பொய்யும் வாய்மையும்

ஒரு சொல்லுக்காக இவ்வளவு வாதாட வேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். நம் மரபு வாதாடியிருக்கிறது. பொய்யைப் பற்றிப் புனித அகுஸ்தீனார் இரண்டு நூல்கள் எழுதினார். நல்ல நோக்கமும் பொய்யை நன்மையாக்காது என்பது அவர் முடிவு. முதல் நூலில் ஓர் ஆயரைப் பாராட்டுகிறார். அவர் அகுஸ்தீனாரின் சொந்த ஊராகிய தகாஸ்தேயின் ஆயர் ஃபிர்முஸ். தம்மிடம் அடைக்கலம் புகுந்த ஒருவனை அவர் ஒளித்து வைத்தார். பேரரசனின் ஆட்கள் வந்து கேட்டபோது, பொய் சொல்லவும் மாட்டேன், காட்டிக்கொடுக்கவும் மாட்டேன் என்று வதையையும் பொறுத்தார். இறுதியில் பேரரசனே அந்த மனிதனுக்கு மன்னிப்பு வழங்கினான். அடைக்கலம் புகுந்தவன், தேடிவரும் அதிகாரம், நடுவில் ஓர் ஆயர்: ஹ்யூகோவின் காட்சியே இது. ஃபிர்முஸின் பக்கத்தில் நிற்க மேடையின் ஆயருக்கு இயலாது.

நாவலின் ஆயர் நிற்பார் என்பது என் எண்ணம். ஏனெனில் அவர் பேசும் உண்மை, திருச்சபைத் தந்தையரின் பழைய உண்மை. தேவைக்கு மிஞ்சிச் சேர்த்து வைத்த உணவும் உடையும் இல்லாதவனுக்குரியவை என்று புனித பசிலியார் மறையுரைத்தார். சிறைப்பட்டவர்களை மீட்கப் புனித அம்புரோசியார் ஆலயத்தின் திருப்பாத்திரங்களையே உருக்கினார். கடும் நெருக்கடியில் தன் உயிர்காக்கப் பிறர் பொருளை எடுப்பவன் திருடன் ஆகான் என்று புனித தாமஸ் அக்குவினார் எழுதினார். மிரியேலின் வெள்ளி இந்த மரபின் மேசையில்தான் இருந்தது. எனவே அவர் 'தந்தேன்' என்றது சலுகை அன்று, கணக்கைத் தீர்த்தது.

தண்டுகளின் செய்தி அப்படி அன்றே, அவற்றை அவர் முன்பு கொடுக்கவில்லையே என்று நுட்பமாகக் கேட்பவர் உண்டு. கேள்வி சரிதான். அகுஸ்தீனாரை இதில் முழுதும் நிறைவுபடுத்த முடியும் என்று நான் சாதிக்கவில்லை. ஆயினும் ஒன்று சொல்லலாம். பொய் பெரும்பாலும் பேசுபவனுக்கு ஏதேனும் மிச்சம் பிடித்துத் தரும். இந்தச் சொல் பேசியவரிடமிருந்து கடைசிப் பொருளையும் எடுத்துக்கொண்டது. வாய் 'கொடுத்தேன்' என்று மூடுமுன், கை கொடுத்துவிட்டது.

என் பங்கில் ஒரு தண்டு

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பதையும் வாசகர்முன் வைக்க வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கடற்கரை ஊரில் புதிதாகப் பங்குத்தந்தையாயிருந்தேன். மழைக்காலம், வாரக்கணக்கில் மரம் கடலுக்குப் போகவில்லை. ஒரு காலை, பீடத்தின் இரு பித்தளை மெழுகுதிரித் தண்டுகளில் ஒன்றைக் காணோம். இரண்டு நாளில் காவலர் ஓர் இளைஞனை ஜீப்பில் கொண்டுவந்தனர். சிறுவயதில் பூசைக்கு உதவியவன்தான். தண்டு சாக்கில் கிடந்தது. உபதேசியாரும் ஊரார் சிலரும் கூடிவிட்டனர்.

"இது உங்கள் கோயில் சாமான்தானே, சாமி?" என்றார் காவல் அதிகாரி. "ஆமாம்" என்றேன். அவர் சற்றுத் தயங்கினார். "நீங்கள் ஏதாவது மெருகு போட, பழுது பார்க்க என்று இவனிடம் கொடுத்து அனுப்பினீர்களா?" என்றார். "இல்லை" என்றேன்.

அவன் தலை நிமிரவில்லை. சில மாதங்கள் சிறையில் இருந்தான். வெளியே வந்தவன் ஊருக்குத் திரும்பவில்லை. அவன் தாயும் பிறகு ஊரைவிட்டுப் போனார். வழக்குப் பொருளாகிவிட்ட தண்டு எங்களுக்குத் திரும்பிவர ஓராண்டுக்கு மேலாயிற்று. அதுவரை ஆசாரி செய்து தந்த இரண்டு மரத்தண்டுகளைப் பீடத்தில் வைத்துத் திருப்பலி நிறைவேற்றினோம். ஒருவர்கூடக் குறையென்று சொல்லவில்லை.

அந்த அதிகாரியின் இரண்டாம் கேள்வி விசாரணைக்கு வேண்டிய கேள்வி அன்று, எனக்காக அவர் திறந்துவிட்ட கதவு என்பது, இத்தனை ஆண்டுக்குப் பின் இலண்டனின் அந்த மேல்மாடத்தில்தான் எனக்கு விளங்கியது. அன்று நான் பொய் சொல்லவில்லை. தண்டு என் சொத்தன்று, பங்குமக்களின் காணிக்கை. தானம் செய்ய எனக்கு உரிமையில்லை என்றெல்லாம் அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவையும் பொய்யல்ல. ஆனால் 'கொடுத்தேன்' என்று நான் சொல்லியிருந்தால் அது பொய்யாகவே இருந்திருக்கும். காரணம், நான் எதையும் முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கவில்லை. மழைக்காலத்தில் எந்த வீட்டு அடுப்பு எரியவில்லை என்று எனக்குத் தெரியாது. சக்ரீஸ்து அலமாரியில் இருப்பவற்றின் பட்டியல் மட்டும் நன்றாகத் தெரியும். மிரியேலின் 14 இயல்கள் இல்லாதவனுக்கு மிரியேலின் அந்த ஒரு சொல் வாயில் வராது. வந்தாலும் பொய்யாகவே வரும்.

வட்டமான ஆலயம்

நாடகம் முடிந்து வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மூடிய கடையொன்றின் வாசற்படியில் அட்டை விரித்து ஒருவர் போர்த்திப் படுத்திருந்தார். அரங்கிலிருந்து வந்த கூட்டம் இருபுறமாகப் பிரிந்து அவரைக் கடந்து போயிற்று. நாங்களும் கடந்தோம். சற்றுமுன் அழுதவர்கள்தாம் நாங்கள்.

மறுநாள் லெஸ்டர் சதுக்கத்தை அடுத்த பிரெஞ்சு ஆலயத்தில் திருப்பலிக்குச் சென்றேன். அரங்கிலிருந்து நடக்கும் தொலைவு. அந்த ஆலயம் வட்ட வடிவானது. காரணத்தை விசாரித்தால் வியப்பாயிருக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஒரு காட்சிக்கூடம். சுவர் முழுவதும் சுற்றித் தீட்டிய மாபெரும் ஓவியங்களை, நடுவில் நின்று காசு கொடுத்துப் பார்க்கும் கூடம். 1865இல் மரிய சபைக் குருக்கள் அதை வாங்கி ஆலயமாக்கினார்கள். போரில் சேதமுற்று மறுபடி எழுந்தபோதும் வட்டத்தைக் கைவிடவில்லை. அதன் சிற்றாலயச் சுவரில் நாடகக் கலைஞராகவும் விளங்கிய ழான் கொக்தோ தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. இன்று அங்கே புகலிடம் தேடி வருவோர்க்கு உதவும் மையமொன்றும் இயங்குகிறது. பார்க்க மட்டும் இருந்த கூடம், வந்தவரை அமரவைக்கும் வீடாயிற்று. நாடகமும் அப்படி ஆகலாம். ஆனால் அந்த வேலையை மேடை செய்யாது. பார்த்துவிட்டு வந்தவர்களே செய்ய வேண்டும்.

புறப்படுமுன் மாலை, மருமகளிடம் என் கடனைத் தீர்த்தேன். "அந்த பிஷப் பொய் சொல்லவில்லை அம்மா. திருட்டுப் போனது தெரிந்தவுடனே, போலீஸ் வருவதற்கு முன்னாலேயே, 'அது என்னுடையது இல்லை, ஏழைகளுடையது, இத்தனை நாள் நான்தான் தெரியாமல் வைத்திருந்தேன்' என்று சொல்லிவிட்டார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அதை ஏன் நாடகத்தில் சொல்லவில்லை?"

"நேரம் போதாதென்று விட்டிருப்பார்கள்" என்றேன். அது முழு விடை அன்று என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டால், பார்ப்பவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு அலமாரியை நினைக்க வேண்டியிருக்கும். ஒரு நல்ல மனிதரின் ஒரு நல்ல பொய்யைக் கண்டு அழுவது எளிது. விடுமுறை நாளில் காசு கொடுத்து வந்தவர்களிடம் அதற்குமேல் கேட்க எந்த நாடகமும் தயங்கும்.

இந்நாடகத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வாய்ப்புள்ளோர் பிள்ளைகளோடு சென்று பாருங்கள். அந்த மெட்டுகளைக் கேளுங்கள். வீடு திரும்பியதும் நாவலின் முதல் 14 இயல்களைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்தபின், நம் வீட்டில் திருடன் வருமுன்பே கொடுத்துவிட்டதாக நாம் எண்ணக்கூடிய பொருள் எது என்று ஒருவரையொருவர் கேளுங்கள். எங்கள் பங்கில் அந்தப் பித்தளைத் தண்டுகள் இப்போது இல்லை. சென்ற தவக்காலத்தில் மழைக்கால உதவிக்காக விற்றுவிட்டோம். பீடத்தில் மரத்தண்டுகளே நிற்கின்றன.